தீர்ப்பு கையில், தாபரிப்பு எங்கே?

 

எமது ஹிப்ழு வகுப்பிலே ஒரு சிறுவன் ஓதுகிறான். நல்ல ஞாபக சக்தி உள்ள பிள்ளை. ஆனால் மாதத்தில் ஒரு நாள் தவறாமல் வரமாட்டான். இரண்டு மூன்று முறை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கடிந்து கொண்டேன். தலையைக் குனிந்தபடி, "உம்மாவோட கோட்டுக்குப் போனேன் ஹஸ்ரத்" என்றான். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கோட்டில் என்ன வேலை?

அவனுடைய தாயை வரச் சொல்லி விசாரித்தேன். கணவர் பிரிந்து போய் நான்கு வருடங்கள். காழி அவர்கள் இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, பிள்ளைகள் இருவருக்கும் மாதாந்தத் தாபரிப்புக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறார். மூன்று மாதம் பணம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. காழி தன் கடமைப்படி நிலுவையை அறவிடுமாறு நீதவான் நீதிமன்றத்துக்கு எழுதினார். நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பியது. விலாசத்தில் ஆள் இல்லை என்று அது திரும்பி வந்தது. பின்னர் பிடியாணை பிறந்தது. ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டபடியால், அது வேறொரு பொலிஸ் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார்கள். அங்கே அனுப்பினார்கள். பதில் இல்லை. ஒரு தவணைக்கு நீதவான் லீவு. இன்னொரு தவணைக்கு வழக்கேடு மற்றக் கட்டடத்தில் இருந்தது.

அந்தப் பெண் வீட்டில் தையல் தைத்துப் பிழைப்பவர். தவணைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அன்றைய கூலியும் போகிறது, மூன்று பேருக்கு பஸ் காசும் போகிறது. காழியின் கட்டளையை அவர் லெமினேட் செய்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். இவ்வளவுக்கும் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "எல்லாரும் நல்லாத்தான் கதைக்கிறாங்க ஹஸ்ரத். அவங்கட வேலை முடிஞ்சிட்டுது என்டுதான் சொல்றாங்க" என்றார்.

அந்த ஒரு வசனம் என்னைத் தூங்கவிடவில்லை. காழி தன் வேலை முடிந்தது என்கிறார், அது உண்மை. நீதிமன்ற லிகிதர் தன் வேலை முடிந்தது என்கிறார், அதுவும் உண்மை. பொலிஸாரும் கடிதத்தை அனுப்பிவிட்டார்கள். எல்லோருடைய வேலையும் முடிந்திருக்கிறது. பிள்ளைக்குத்தான் சப்பாத்து இல்லை.

கலீபா உமர் (ரழி) அவர்கள் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்களுக்கு நீதி பரிபாலனம் பற்றி எழுதிய கடிதத்தை எங்கள் அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்கள் அறிவார்கள். வழக்காளிகள் இருவரையும் சமமாக உட்கார வை, இருவரையும் ஒரே முகத்தோடு பார் என்ற பகுதியைத்தான் நாம் குத்பாக்களில் அதிகம் எடுத்துச் சொல்கிறோம். அதற்கு முன்னால், ஆரம்பத்திலேயே, இன்னொரு விடயத்தை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நடைமுறைப்படுத்தப்படாத ஒரு நியாயத்தை வாயால் சொல்வதனால் பயன் இல்லை என்பது அதன் கருத்து. நானும் எத்தனையோ முறை ஓதிக் கொடுத்த பகுதிதான். இந்தத் தாயின் உறையைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

"நீதித்துறைச் சீர்திருத்தம்" என்ற சொல்லை நாம் அடிக்கடி பத்திரிகைகளில் காண்கிறோம். பெரும்பாலும் ஒரு புதிய சட்டம், ஒரு புதிய கட்டடம் அல்லது ஓர் ஆணைக்குழு என்பதாகவே அது முடிந்துவிடுகிறது. இதை வேறு விதமாகச் செய்து பார்த்த ஒரு நாட்டைப் பற்றிக் கொஞ்சம் எழுத விரும்புகிறேன். ஆபிரிக்காவிலே உள்ள உகண்டாதான் அந்த நாடு. எங்களைப் போல் பிரித்தானியரிடமிருந்து சட்டமும் நீதிமன்ற முறையும் பெற்ற நாடு. சனத்தொகையில் சுமார் 14 வீதம் முஸ்லிம்கள் என்று அவர்களுடைய 2014 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு சொல்கிறது.

உகண்டா என்றதும் இடி அமீனின் பெயர்தான் பலருக்கும் நினைவு வரும். 1971 முதல் 1979 வரை அவர் ஆண்ட காலத்தில் நீதி என்ன பாடுபட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1972 செப்டெம்பரில் அந்நாட்டின் பிரதம நீதியரசர் பெனடிக்டோ கிவானுகா, கம்பாலா உயர் நீதிமன்றத்தில் வைத்தே ஆயுததாரிகளால் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆட்சியாளர் முஸ்லிம் பெயர் தாங்கியவர் என்பதற்காக நாம் இதை மறைத்துப் பேசத் தேவையில்லை. எமக்கே எதிரான சாட்சியமாக இருந்தாலும் நீதியை நிலைநிறுத்துமாறு ஸூரத்துன் நிஸாவின் 135 ஆவது வசனம் எங்களுக்குக் கட்டளையிடுகிறது.

பின்னர் யுத்தங்கள் ஓய்ந்து, 1995 இல் அந்நாடு புதிய அரசியலமைப்பொன்றை இயற்றியது. கைது செய்யப்பட்டவரை 48 மணித்தியாலத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்றும், நீதிமன்றங்கள் தொழில்நுட்பக் காரணங்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடாமல் உண்மையான நீதியை வழங்க வேண்டும் என்றும் அதில் எழுதினார்கள். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிறைச்சாலைகளிலே விளக்கமறியல் கைதிகள் நிரம்பிக் கிடந்தார்கள். பொலிஸ் விசாரணை முடியாமல் வழக்குத் தொடுநருக்குக் கோவை போகாது. கோவை போனாலும் சாட்சிக்கு அழைப்பாணை போய்ச் சேர்ந்திராது. எல்லாம் தயார் என்ற நாளில் கைதியை ஏற்றி வர வாகனம் இராது. நீதிபதி தன் ஆசனத்தில் அமர்ந்திருப்பார், முன்னால் வழக்கு இராது. எங்கள் தையற்காரத் தாயின் கதைதான், நாடு முழுவதுக்குமான அளவில்.

1999 இல் கம்பாலாவுக்குத் தென்மேற்கே சுமார் 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மசாகா என்ற மாவட்டத்திலே ஒரு பரீட்சார்த்த முயற்சியை ஆரம்பித்தார்கள். சங்கிலி இணைப்புத் திட்டம் என்று அதைச் சொல்லலாம். நீதிபதி, நீதவான், அரச வழக்குத் தொடுநர், பொலிஸ் பொறுப்பதிகாரி, சிறைச்சாலை அதிகாரி, நன்னடத்தை அதிகாரி ஆகியோர் ஒரே மேசையில் கிரமமாகக் கூட வேண்டும். இந்த மாதம் எத்தனை வழக்குகள் நின்று போயின, எந்தக் கண்ணியில் நின்றன, யார் என்ன செய்தால் அது நகரும் என்பதுதான் பேச்சு. இதற்குப் புதிய சட்டம் தேவைப்படவில்லை. ஒருவருடைய சுதந்திரத்தில் மற்றவர் கை வைக்கவும் இல்லை. நீதிபதி எப்படித் தீர்ப்பளிக்க வேண்டும் என்று அங்கே எவரும் பேசமாட்டார்கள். கைதி குறித்த நாளில் வந்து சேர்கிறானா என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவான கவலை.

தேங்கிக் கிடந்த வழக்குகள் அங்கே நகரத் தொடங்கின. பின்னர் இம்முறை ஏனைய மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதே காலப்பகுதியிலே மத்தியிலும் இதைச் செய்தார்கள். நீதி அமைச்சு, நீதிமன்றங்கள், பொலிஸ், சிறைச்சாலைகள், வழக்குத் தொடுநர் திணைக்களம், சட்ட ஆணைக்குழு என்று பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களை "நீதி, சட்டம், ஒழுங்கு" என்ற ஒரே துறையாக எண்ணி, ஒரே திட்டம் வகுத்து, வரவு செலவையும் சேர்ந்து தயாரித்தார்கள். முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் 2001 இல் தொடங்கியது. மேலே வழிகாட்டும் குழுவுக்குப் பிரதம நீதியரசரே தலைவர். முன்பெல்லாம் ஒரு வெளிநாடு பொலிஸுக்கு ஜீப் கொடுக்கும், இன்னொன்று நீதிமன்றத்துக்குக் கணினி கொடுக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பிராது. உதவி நாடுகளிடமும் இந்தத் திட்டத்துக்குள் வந்து உதவுங்கள் என்று சொன்னார்கள்.

அதன் பின்னர் வந்த மாற்றங்களில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்யும் முறை 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மத்திய அரசின் சிறைகள் ஒரு பக்கமும் உள்ளூராட்சிச் சிறைகள் மறு பக்கமுமாக இருந்த இரட்டை முறையை 2006 ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டம் ஒன்றாக்கியது. பாரதூரமான குற்றம் சாட்டப்பட்டவரை மேல் விசாரணைக்கு ஒப்படைக்காமல் மறியலில் வைத்திருக்கக்கூடிய காலம் 360 நாட்களாக இருந்ததை 2005 இல் 180 நாட்களாகக் குறைத்தார்கள். 2011 இல் வந்த விதிகளின்படி, ஒரு கோடி உகண்டா சிலிங்கு வரையிலான கடன் தகராறுகளைச் சட்டத்தரணி இல்லாமலேயே விரைவாக முடித்துக்கொள்ளலாம். கடைக்காரரும் கூலிக்காரரும் நேரே போய் முறையிடலாம்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு எங்களுடைய கிதாபுகள்தான் நினைவுக்கு வந்தன. ஷாபிஈ மத்ஹபில் நாம் ஓதும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலே கழா பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். புதிதாக நியமனம் பெற்ற காழி முதலில் கவனிக்க வேண்டியது சிறையில் இருப்பவர்களைத்தான் என்று வருகிறது. ஒவ்வொருவரையும் ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். அதன் பிறகே அநாதைகளின் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். நீதி பரிபாலன ஒழுங்கைப் பற்றி எழுதிய ஏனைய இமாம்கள், முன்னைய காழியிடமிருந்து பதிவேடுகளைப் பொறுப்பேற்பது பற்றியும் விரிவாகப் பேசுகிறார்கள். வழக்கேடு மற்றக் கட்டடத்தில் இருக்கிறது என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை!

ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியாக இருந்த இமாம் அபூ யூஸுப் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 182 இல் வபாத்தானவர்கள். கிதாபுல் கராஜ் என்ற தம் நூலிலே கலீபாவுக்கு நேரடியாகவே எழுதினார்கள். கைதிகள் சங்கிலியோடு வீதியில் சென்று பிச்சை கேட்டு உண்ணும் நிலையை நிறுத்தி, பொதுத் திறைசேரியிலிருந்து உணவுக்கும் கோடை, குளிர்கால ஆடைக்கும் கொடுக்கச் சொன்னார்கள். சிறை நிரம்பியிருப்பதற்குக் காரணம் குற்றம் பெருகியிருப்பதல்ல, அவர்களுடைய விடயத்தை விசாரித்துப் பார்க்க ஆளில்லாமையே என்ற கருத்தும் அங்கே உண்டு. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் காழிகளின் தலைவர் ஒருவர் சிறையின் சாப்பாட்டையும் தன் பொறுப்பாகவே பார்த்திருக்கிறார். தீர்ப்புச் சொல்வதோடு என் வேலை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை.

உகண்டாவை நான் புகழ்வதற்காக எழுதவில்லை. அங்கே தவறியவையும் எங்களுக்குப் பாடம்தான்.

முதல் திட்டத்தில் அவர்கள் முன்னுரிமை கொடுத்தவை இரண்டு. ஒன்று குற்றவியல் நீதி, மற்றது வர்த்தக நீதி. வர்த்தக நீதிமன்றம் விரைவாக இயங்கினால் முதலீட்டாளர் வருவார்கள் என்பது கணக்கு. காணி வழக்கும் குடும்ப வழக்கும் 2006 இல் ஆரம்பித்த இரண்டாவது திட்டத்தில்தான் முக்கிய இடத்துக்கு வந்தன. ஏழைக்கு நீதிமன்றம் என்றால் அனேகமாகக் காணியும் குடும்பமும்தான். விதவையின் வளவைப் பறித்தவன் மீதான முறைப்பாடு ஐந்து வருடம் பின்னால் நின்றது. திட்டம் போடும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இதிலிருந்தே ஊகித்துக் கொள்ளலாம்.

கிராமங்களிலே சிறு பிணக்குகளைத் தீர்க்கும் உள்ளூர்ச் சபை நீதிமன்றங்கள் அங்கே உண்டு. 2006 இல் அவற்றுக்கென ஒரு சட்டமும் இயற்றினார்கள். ஆனால் 2001 க்குப் பிறகு 2018 வரை கிராமச் சபைகளுக்குத் தேர்தலே நடத்தப்படவில்லை. தவணை முடிந்த சபையினர் தீர்ப்புச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். ஒரு கையால் கட்டி, மறு கையால் அவிழ்ப்பது என்பது இதைத்தான்.

எல்லாவற்றிலும் கனமானது இனிச் சொல்லப் போவது. 2005 நவம்பரில், அரசியல் வழக்கொன்றில் சிலருக்குப் பிணை வழங்கப்பட்ட வேளையில், ஆயுதம் தாங்கிய கறுப்புடைப் படையினர் கம்பாலா உயர் நீதிமன்ற வளவுக்குள் புகுந்தார்கள். 2007 மார்ச்சில் அதே வழக்கில் அதே போல் மீண்டும் நடந்தது. பிணை பெற்றவர்கள் திரும்பவும் பிடிக்கப்பட்டார்கள். நீதிபதிகள் தம் கடமைகளை இடைநிறுத்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1972 இல் கிவானுகா பிடித்துச் செல்லப்பட்ட அதே நீதிமன்றம்தான் இது. சேர்ந்து திட்டம் போடலாம், சேர்ந்து செலவழிக்கலாம். ஆட்சியில் இருப்பவன் தனக்குப் பாதகமான கட்டளைக்கும் தலை வணங்குவான் என்ற உறுதி இல்லையென்றால், அந்த மேசையில் ஒரு கால் குறைவுதான்.

முஸ்லிம்களாகிய எங்களுக்கு அங்கே இன்னுமொரு விடயம் இருக்கிறது. விவாகம், விவாகரத்து, வாரிசுச் சொத்து, பிள்ளைகளின் பாதுகாவல் ஆகியவற்றுக்காகக் காழி நீதிமன்றங்களைப் பாராளுமன்றம் அமைக்கலாம் என்று 1995 அரசியலமைப்பின் 129 ஆவது உறுப்புரை இடமளித்தது. கால் நூற்றாண்டு கடந்து 2020 ஆம் ஆண்டு பிறந்தபோதும் அந்த நீதிமன்றங்கள் சட்டப்படி இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. உரிமை காகிதத்தில் இருந்தது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். எங்களுக்குக் காகிதம் மட்டுமல்ல, காழி நீதிமன்றமே இருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் அது இயங்கி வந்திருக்கிறது. அச்சட்டத்தைத் திருத்துவதற்காக 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் அவர்களின் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. ஒன்பது வருடம் கழித்து, 2018 ஜனவரியில், அதன் அறிக்கை இரண்டு கருத்துக்களாகப் பிரிந்து வெளிவந்தது. அதன் பின்னர் விவாக வயது, பெண் காழி, பலதார மணம், காழி நீதிமன்றம் வேண்டுமா வேண்டாமா என்று நாம் பேசினோம், எழுதினோம், சண்டையும் பிடித்தோம். அவை பேச வேண்டிய விடயங்கள்தான், நான் மறுக்கவில்லை. மார்க்க அறிஞர்களும் சட்ட அறிஞர்களும் பேசட்டும். ஆனால் அத்தனை மேடைகளிலும் என் மாணவனின் தாயைப் பற்றி ஒருவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. காழியின் கட்டளை நீதவான் நீதிமன்றத்துக்குப் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது? எத்தனை கட்டளைகள் பணமாக மாறுகின்றன? எத்தனை இடையில் நிற்கின்றன? சட்டத்தை நாளைக்கே முற்றாக மாற்றினாலும், அழைப்பாணை திரும்பி வருவது நிற்கப் போவதில்லை. காழி இருந்தாலும் அதே விலாசம்தான், மாவட்ட நீதிபதி இருந்தாலும் அதே விலாசம்தான்.

காழிமாரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். சொற்பக் கொடுப்பனவுக்கு, வேறு தொழில் செய்துகொண்டே இந்தப் பொறுப்பைச் சுமந்தவர்கள் பலர். சொந்த வீட்டின் முன் விறாந்தையில் விசாரணை நடத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். பக்கத்து அறையில் பிள்ளை அழும், வெளியே இரு தரப்பு உறவினரும் கூச்சலிடுவார்கள். எழுதி உதவ ஒருவர் இல்லை, கோவைகளைப் பூட்டி வைக்க ஓர் அலுமாரி இல்லை. அப்படியான இடத்தில் அநியாயம் நடந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும், தங்கள் பேச்சுக்கு இடம் கிடைக்கவில்லை என்று எத்தனையோ பெண்கள் அழுதிருக்கிறார்கள். ஆனால் திட்டுவதோடு நின்றுவிடாமல், அலுமாரியைப் பற்றியும் யாராவது பேச வேண்டாமா?

கணவர்மார் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். தொழில் இழந்தவர், நோயாளி என்று உண்மையிலேயே இயலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காழியிடம் போய்த் தொகையைக் குறைத்துத் தருமாறு கேட்கலாம். ஊரை விட்டு ஒளிந்து போவது அதற்கு வழியல்ல. நான் சொல்லும் இந்த மனிதருக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. வந்து சொன்னால்தானே தெரியும்.

மசாகாவில் செய்ததை எங்கள் மாவட்டம் ஒன்றில் செய்து பார்க்க வெளிநாட்டுப் பணம் தேவையில்லை. காழி, நீதவான் நீதிமன்றப் பதிவாளர், பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் பொறுப்பானவர், பிரதேச செயலகத்தின் உத்தியோகத்தர் ஒருவர், பள்ளிவாசல் சம்மேளனத்தின் பிரதிநிதி ஒருவர். பெண்களின் நிலைமையை நேரில் அறிந்த ஒரு சகோதரியும் அந்த மேசையில் இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் உகண்டாவின் முதல் திட்டத்தைப் போல்தான் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, தேங்கிய தாபரிப்புக் கட்டளைகளின் பட்டியலை வைத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். எந்த வழக்கின் நியாயத்தையும் அங்கே பேசக்கூடாது.

பள்ளிவாசலை ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். பொலிஸாருக்குக் கிடைக்காத விலாசம் ஜமாஅத்துக்குக் கிடைக்கும். ஒரு முஸ்லிம் ஆண் வேறு ஊரில் குடியேறினால் எங்காவது ஒரு பள்ளியில் ஜும்ஆத் தொழுவார், சந்தாப் புத்தகத்தில் பெயர் விழும். மறுமணம் என்று வந்தால், முன்னைய ஊர்ப் பள்ளியின் கடிதம் கேட்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது, முன்னைய பிள்ளைகளுக்குத் தாபரிப்பு நிலுவை இருக்கிறதா என்று ஒரு வரி விசாரித்து எழுதுவது எந்த நிர்வாக சபைக்கும் கஷ்டமான காரியமல்ல. இதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை. ஒரு நிர்வாகக் கூட்டம் போதும்.

கொஞ்சம் தயக்கத்தோடுதான் நானும் இதைச் செய்து பார்த்தேன். அந்தக் கணவர் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஊரின் பள்ளிவாசல் தலைவருக்கு, யாரையும் குற்றம் சாட்டாமல், இரண்டு பிள்ளைகளின் வயதை மட்டும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. ஆள் அங்கேதான் இருக்கிறார். வீட்டு இலக்கமும் கிராம சேவகர் பிரிவும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அவரோடு தாங்களும் பேசிப் பார்ப்பதாகத் தலைவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் பிரதியொன்றைத் தாயிடம் கொடுத்து, அடுத்த தவணைக்கு நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைக்கச் சொன்னேன். அவர் அதையும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்துக் கொண்டார்.

தவணை இம்மாதம் 22 ஆம் திகதி. பையனுக்கு அன்று லீவு என்று வரவுப் புத்தகத்தில் இப்போதே குறித்து வைத்திருக்கிறேன்.